பதினாறாம் வாரத்துச் சிமெண்ட்

என் அம்மா தங்கபாய் பதினான்கு வருடம் சிமெண்ட் கட்டிகளை உடைத்துப் பார்க்கும் வேலை செய்தாள். ராஜபாளையத்துக்குக் கிழக்கே இருந்த சிறிய ஆலை அது. ஒரு செங்குத்துச் சூளை, ஒரு அரவை மில், ஒரு பேக்கிங் கொட்டகை. கொட்டகைக்குப் பின்னால் தகரம் போட்ட ஓர் அறை. அதுதான் சோதனைக்கூடம். 1983இல் சேர்ந்தாள். அதற்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருந்தாள். சேத்தூரில் பிறந்தவள். பி.எஸ்சி. படித்தவள். அப்பா ஞானதுரை நூல் மில்லில் ஃபிட்டர். 1997 நவம்பரில் அம்மா இறந்தாள். சிறுநீரகம். இதை எழுதும்போது பத்து மாதம் ஆகிறது.

வேலை இதுதான். ஒவ்வொரு முறை அரைக்கும்போதும் சிமெண்ட் சாம்பிள் வரும். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல். கண்ட மணல் ஆகாது. எண்ணூரிலிருந்து மூட்டையில் வரும் சோதனை மணல் மட்டும். இரண்டையும் அளவான தண்ணீரில் குழைத்து, கையகலக் கட்டிகளாக வார்க்க வேண்டும். அதற்குக் கியூப் என்று பெயர். ஒரு நாள் ஈரத்தில் வைத்து, அச்சிலிருந்து எடுத்து, தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். மூன்று கியூபை மூன்றாம் நாள் உடைப்பார்கள். மூன்றை ஏழாம் நாள். மூன்றை இருபத்தெட்டாம் நாள். மிஷினில் வைத்து அழுத்தும்போது முள் ஏறிக்கொண்டே போகும். கட்டி உடையும்போது முள் எத்தனை டன்னில் நிற்கிறதோ அதுதான் சிமெண்டின் பலம். ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு வர வேண்டும் என்று தர விதிகளில் எழுதியிருக்கிறது. வந்தால் சாக்கில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கலாம். வராவிட்டால் இருக்கக் கூடாது.

ஒன்பது கியூப் போதும். அம்மா பன்னிரண்டு போடுவாள். மூன்று உபரி. யாராவது எண்ணைச் சந்தேகப்பட்டால் அவர்கள் முன்னாலேயே உடைத்துக் காட்டுவதற்கு. தொட்டித் தண்ணீர் இருபத்தேழு டிகிரியில் இருக்க வேண்டும். ராஜபாளையத்துச் சித்திரை மாதத்தில் அது முப்பத்திரண்டுக்குப் போய்விடும். சூட்டில் சிமெண்ட் சீக்கிரம் இறுகி, மூன்றாம் நாளில் பொய்யாக நல்ல எண் காட்டும். அதனால் ஐஸ் கம்பெனியிலிருந்து உமி மூடிய கட்டியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போவாள். அம்மா சைக்கிளில் ஐஸ் கொண்டு போவதைப் பார்த்து ஆலை வாசல் டீக்கடையில், சிமெண்டுக்கு சர்பத் போடுதாக என்பார்கள்.

இந்த வேலையில் ஓர் ஓட்டை உண்டு. இருபத்தெட்டு நாள் காத்திருந்து விற்க எந்த ஆலையிலும் இடம் கிடையாது. மூன்றாம் நாள் எண்ணை நம்பித்தான் லாரி கிளம்பும். ஏழாம் நாள் எண் வரும்போது சிமெண்ட் யாரோ ஒருவர் வீட்டுக்குள் போயிருக்கும்.

1991 ஏப்ரலில் அரவை மில்லின் பல்சக்கரம் உடைந்து ஒரு வாரம் வேலை தடைப்பட்டது. அந்த வாரம் பதினாறாம் தேதி ஒரே ஒரு நாள் மில் ஓடியது. இருபது டன். நானூறு மூட்டை. பதினேழாம் தேதி அம்மா கியூப் வார்த்தாள். இருபதாம் தேதி, மூன்றாம் நாள், எட்டேகால் டன் வர வேண்டிய இடத்தில் எட்டே முக்கால் வந்தது. தேறியது. அன்று மதியமே நானூறு மூட்டையும் ஸ்ரீவில்லிபுத்தூர் வியாபாரி சேக் முகைதீன் கிட்டங்கிக்குப் போனது. சாக்கில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, அதன் கீழே உரிம எண், அதன் கீழே 16/91. வருடத்தின் பதினாறாவது வாரம் என்று அர்த்தம்.

இருபத்துநான்காம் தேதி, ஏழாம் நாள், பதினொன்றேகால் டன் வர வேண்டும். ஒன்பதரையில் நின்றது. மூன்று கட்டியும் அப்படித்தான்.

மேனேஜர் வைகுண்டராஜ் நல்ல மனிதர் என்றுதான் அம்மா கடைசிவரை சொன்னாள். கட்டி வார்த்ததில் கோளாறு இருக்கும் என்றார் அவர். அம்மா உபரி மூன்றை அவர் முன்னால் உடைத்தாள். அவையும் ஒன்பதரை. அவர் குனிந்து முள்ளைப் பார்த்தார். பிறகு, விற்காமல் இருப்பதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், விற்றது விற்றதுதான், பதிவேட்டில் எழுதுவதை இருபத்தெட்டாம் நாள் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அம்மா பதிவேட்டில் ஒன்பதரை என்று எழுதினாள். மறுநாளைக்கு லீவும் எழுதிக் கொடுத்தாள்.

அவள் கணக்கு இப்படி. பூச்சுக்கும் தரைக்கும் போனது போகட்டும், அதன் மேல் பாரம் கிடையாது. யாராவது அந்தச் சிமெண்டில் கூரை போட்டிருந்தால் கான்கிரீட்டுக்குக் கீழே பலகையும் அதைத் தாங்கும் முட்டுக் கட்டைகளும் நிற்கும். பதினான்கு நாள் கழித்து அந்த முட்டுகளை எடுப்பார்கள். எடுத்த பிறகு கூரை தன் பலத்தில் நிற்க வேண்டும். இருபதாம் தேதி சாயங்காலம் வாங்கி மறுநாளே போட்டிருந்தால் மே ஐந்துக்குள் முட்டு போய்விடும். அதற்குள் அந்தக் கூரையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் பாதி அம்மாவின் டைரியில் இருக்கிறது. மீதி, அம்மா இறந்த அன்று பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து சின்னக்கருப்பன் கொத்தனார் எனக்குச் சொன்னது.

சேக் முகைதீன் கிட்டங்கியில் 16 போட்ட மூட்டை நூற்று நாற்பது மிச்சம் இருந்தது. அம்மா எண்ணிக் கயிறு கட்டித் தனியே வைக்கச் சொன்னாள்.

"கெட்டுப் போச்சாக்கா?" என்று கேட்டார் அவர்.

"தேறல பாய்."

"கெட்டதுக்கும் தேறாததுக்கும் என்ன வித்தியாசம்?"

"கெட்டது கட்டி தட்டிரும். கண்ணால பாக்கலாம். இதப் பாக்க முடியாது."

விற்ற இருநூற்று அறுபதில் பெரும்பாலும் ஒன்று, இரண்டு, ஐந்து என்று பூச்சு வேலைக்குப் போனது. நினைவில் இருந்தவர்களை எல்லாம் அவர் சொன்னார். அம்மா அடுத்த நாட்களில் ஒன்பது இடத்துக்குப் போனாள். ஒரே ஆளுக்கு மொத்தமாகப் போனது முப்பத்திரண்டு மூட்டை மட்டும். சின்னக்கருப்பன் கொத்தனார் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். அவர் இப்போது மைமூன் வீட்டு வேலைதான் பார்க்கிறார், நாளை மறுநாள் அங்கே கூரை போடுகிறார்கள் என்றார் சேக் முகைதீன்.

மைமூன் துணி தைக்கிறவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டிருந்தார். அம்மா போனபோது எட்டுத் தூண் எழும்பி நின்றது. காய்ந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றிலும் பழைய சிமெண்ட் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டி, ஒரு பெண் குடத்தால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அம்மா தூண் தூணாகப் போய் ஈரச் சாக்கைப் படித்தாள். ஐந்து தூணில் 16/91.

மேலே பலகையில் நின்ற கொத்தனார் குனிந்து பார்த்தார்.

"யாரும்மா அது, சாக்குக்கு ஜாதகம் பாக்குறது?"

வேலையாட்கள் சிரித்தார்கள். அம்மா தான் யார் என்று சொன்னாள். இந்த எண் போட்ட சிமெண்ட் ஏழாம் நாள் தேறவில்லை என்றாள். இந்தத் தூண்களின் மேல் கூரை போடக் கூடாது, ஐந்தையும் இடித்துத் திரும்பப் போட வேண்டியிருக்கும் என்றாள். மைமூன் ஜல்லிக் குவியலின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கொத்தனார் கீழே இறங்கி வந்தார். சாக்கின் கயிற்றை அவிழ்த்தார். தூணின் ஒரு பக்கத்தில், பச்சையாக இருந்தபோது ஆணியால் கீறிய எழுத்து இருந்தது. 17/4. எத்தனை நாள் தண்ணீர் ஊற்றினோம் என்று எண்ணுவதற்காக அந்தப் பக்கத்துக் கொத்தனார்கள் தூண் போட்ட தேதியை அப்படிக் கீறி வைப்பார்கள்.

"உங்க சிமெண்டு ஆலைய விட்டு என்னைக்கு வெளிய வந்துச்சு?"

"இருபதாந் தேதி."

"அப்ப மூணு நாளு கழிச்சு வரப்போற சிமெண்ட வச்சு நான் தூணு போட்டிருக்கேன். நல்ல வேலைக்காரன்தான் நான்."

இந்த முறை குடம் வைத்திருந்த பெண்ணும் சிரித்தாள். சேக் முகைதீன் சொன்னதையும் சாக்கையும் சேர்த்து அம்மா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். தூணைப் பார்க்கவில்லை. டைரியில் அன்றைய தேதியில் இருக்கிறது: "சாக்கு வேறு, தூண் வேறு. தூணில் தேதி இருந்தது. நான் பார்க்கவில்லை. என் தவறு." மைமூனிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"செத்த நேரத்துல உசுரே போயிருச்சு, போங்க," என்றார் மைமூன். ஆனாலும் எழுந்து எட்டுத் தூணின் தேதியையும் தானே சாக்கை விலக்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

அம்மா கிளம்பவில்லை.

"கொத்தனாரே, அப்ப இந்தச் சாக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"என் வீட்டுல இருந்துதான்," என்றார் அவர். சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே சொன்னார். அது மெதுவாகப் போனது.

கான்சாபுரத்தில் அவருக்கு ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. முப்பது வருடம் ஊருக்கெல்லாம் கட்டியவருக்கு முதல் சொந்த வீடு. கொத்தனார் ஒருவர் தன் வீட்டுக்குக் கூரை போட்டால் அவருடைய ஆட்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பளம் வாங்காமல் வந்து போட்டுக் கொடுப்பது அவர்கள் வழக்கம். சோறு மட்டும் போட வேண்டும். இருபத்தொன்றாம் தேதி ஞாயிறு. முந்தின நாள் சாயங்காலம் வண்டி கட்டி முப்பத்திரண்டு மூட்டை கொண்டு போயிருந்தார். கூரைக்குச் சாக்கு தேவைப்படாது. ஓரத்தில் மண்ணால் வரப்புக் கட்டித் தண்ணீரை மேலேயே நிறுத்திவிடுவார்கள். காலிச் சாக்குகள் சும்மா கிடந்ததால் மைமூன் வீட்டுத் தூணுக்கு எடுத்துவந்தார்.

"கைய விட்டுப் பாத்தேன். சில்லுன்னுதான் இருந்துச்சு," என்றார். நல்ல சிமெண்ட் கைக்குக் குளிரும் என்பது அவர்கள் சோதனை.

"குளிரும். அதுல இது தெரியாது."

"இடிஞ்சு விழுமா, விழாதா? ஒத்தச் சொல்லுல சொல்லுங்க."

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்லவா பஸ் ஏறி வந்தீய?"

"ஆமா. இருபத்தெட்டாம் நாள் வரைக்கும் எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதுவரைக்கும் முட்டு எடுக்காதிய."

இருபத்தெட்டாம் நாள் மே பதினைந்து. கொத்தனார் முட்டு எடுக்க நினைத்திருந்தது மே ஐந்து. பால் காய்ச்ச நாள் குறித்திருந்தது மே ஒன்பது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் அம்மா கான்சாபுரம் போனாள். வத்திராயிருப்பு வரை பஸ், அதன் பிறகு நடை. வீட்டில் ஒரு ஹால், ஓர் அறை, ஓர் அடுப்படி. ஹால் பதினான்கு அடி. நடுவில் ஒரு பீம். அந்தப் பீம்தான் பிரச்சினை என்று அம்மா குறித்திருக்கிறாள். மற்ற இடத்திலெல்லாம் கூரை தாங்கல் இல்லாமல் நிற்கும் நீளம் ஏழடிக்குக் குறைவு.

கொத்தனாரின் மனைவி வெள்ளைத்தாய் அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தார். உட்காரச் சொல்லவில்லை. அவர் களையெடுக்கப் போகிற வயல்காரர் வீடுகளிலெல்லாம் ஹால் இருந்தது. தன் வீட்டிலும் ஹால் வேண்டும் என்று மூன்று வருடம் கேட்டு வாங்கியது அது.

"ஊரெல்லாம் சொல்லியாச்சு. என்னன்னு சொல்லி நாள மாத்த? எங்க கொத்தனாரு வீட்டுக்கே கூரை நிக்கலன்னா?"

அம்மா தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைத் திரும்பக் கொடுத்தாள்.

முட்டும் பலகையும் வாடகை ஆள் உடையவை. மே ஐந்தாம் தேதி அவர் வந்து நின்றார், அடுத்த வீட்டுக்கு வேண்டும் என்று. அதுவரைக்கும் கொத்தனார் என்ன செய்வார் என்று அம்மாவுக்குத் தெரியாது. எடுத்துவிடுவார் என்றுதான் நினைத்ததாக எழுதியிருக்கிறாள். அவர் பனங்கட்டை அறுத்து வைத்திருந்தார். வாடகை முட்டு ஒன்றை எடுப்பதற்கு முன் பக்கத்தில் ஒரு பனங்கட்டையை நிறுத்தி, ஆப்பு அடித்து, பிறகு அதை எடுத்தார். இருபத்தாறு முட்டு. ஒரு நாள் முழுக்க ஆனது. மே ஒன்பது வந்து போனது. வெள்ளைத்தாய் சொந்தக்காரர்களிடம் தீட்டு என்று சொல்லிவிட்டார். யாரும் நம்பவில்லை. அவரிடம் வீடு கட்டச் சொல்லியிருந்த இரண்டு பேர் வேறு கொத்தனாரைத் தேடிப் போனார்கள்.

மே பதினைந்தாம் தேதி பதினேழு டன் வர வேண்டும். வந்தது பதினைந்து, பதினைந்து, பதினாலே முக்கால்.

அம்மா அதையும் எழுதினாள். தர நிர்ணய அலுவலகத்துக்கு நகல் அனுப்பினாள். அது அவள் கடமைகளின் பட்டியலில் இருந்தது. அலுவலகம் அந்த ஆலையின் முத்திரையை ஆறு வாரம் நிறுத்தி வைத்தது. வைகுண்டராஜ் அம்மாவைத் திட்டவில்லை. பேக்கிங் கொட்டகையில் மூட்டை எடை பார்க்கும் மேடைக்கு மாற்றினார். அங்கே பறக்கும் தூசியில் ஒரு வருடம் நின்றாள். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்தால் முதல் இரண்டு செம்பு தண்ணீர் சாம்பலாக ஓடும். அப்பா ஒரு தடவை, எழுதாமல் இருந்திருக்கலாமே என்றார். அம்மா சோறு வைத்தாள். பிறகு ஆலையில் திரும்ப சோதனைக்கூடத்துக்கு அழைத்தார்கள். காரணம் சொல்லவில்லை.

தேறாத சிமெண்ட் என்றால் விழப்போகிற கூரை என்று பொருள் இல்லை. பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, அவ்வளவுதான். அது பீமுக்குப் போதுமா என்பதைப் பாரம் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். முறை புத்தகத்தில் இருக்கிறது. மே பத்தொன்பது, ஞாயிறு, கொத்தனாரின் ஆட்கள் மறுபடியும் சம்பளம் இல்லாமல் வந்தார்கள். முட்டுகளை எடுக்கவில்லை. ஆப்பைத் தளர்த்தி இரண்டு விரற்கடை இறக்கினார்கள், விழுந்தால் அதன் மேல் விழட்டும் என்று. மணலைச் சாக்கில் கட்டி மேலே ஏற்றினார்கள். பீமுக்குக் கீழே நூல் கட்டி, எஃகு அளவுகோலால் அம்மா பார்த்தாள். ஒரு நாள் பாரம் இருந்தது. ஆறு மில்லிமீட்டர் இறங்கியது. பாரத்தை எடுத்து ஒரு நாள் விட்டார்கள். நல்ல பீம் என்றால் இறங்கியதில் முக்கால் பங்காவது திரும்ப ஏற வேண்டும். மூன்றுதான் ஏறியது.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் எண்ணைச் சொன்னாள். இத்தனை ஏற வேண்டும், இத்தனைதான் ஏறியது.

"இடிக்கணுமா?" என்றார் வெள்ளைத்தாய்.

"இடிக்க வேண்டாம். பீமுக்குக் கீழ சுவர் வச்சா பாரம் சுவருக்குப் போயிரும்."

"சுவர் வச்சா ஹால் எங்க இருக்கும்?"

"இருக்காது."

வெள்ளைத்தாய் கணவரைப் பார்த்தார். அவர் பீமைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வார்த்ததுல குத்தம் இல்ல," என்றார். அம்மா, "இல்ல," என்றாள்.

மறுநாளே அவர் முட்டுகளின் ஆப்பை மறுபடி இறுக்கிவிட்டு, ஹாலின் நடுவில் அஸ்திவாரம் தோண்டினார். முட்டுகளுக்கு நடுவே குனிந்துதான் வேலை செய்ய முடிந்தது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். அதற்கான சிமெண்டை வேறு கடையில், வேறு ஆலையின் மூட்டையாகப் பார்த்து வாங்கினார். சுவரின் கடைசி வரிசைக்கும் பீமுக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி விட்டு, அதில் உலர்ந்த கலவையைக் கட்டையால் அடித்து அடித்து இறுக்கினார். ஓரமாக ஒரு வாசல். பதினான்கு அடி ஹால் இரண்டு அறைகளாக ஆனது.

ஜூன் ஒன்பதாம் தேதி முட்டு எடுத்தார்கள். அம்மா போயிருந்தாள். சுவர் பக்கத்திலிருந்து தொடங்கி, இரண்டு பக்கமும் ஒன்று மாற்றி ஒன்றாக எடுக்கச் சொன்னாள். கொத்தனார் மட்டும் உள்ளே இருந்தார். மற்ற எல்லோரையும் வெளியே நிற்க வைத்தார். அம்மாவும் வெளியேதான் நின்றாள். அவ்வளவு தூரம் போனவள் ஏன் உள்ளே நிற்கவில்லை என்று பிற்பாடு நான் கேட்டேன். நான் உள்ளே நின்றால் கூரையின் பலம் கூடிவிடாது என்றாள்.

இருபத்தாறு கட்டை. ஒவ்வொன்றும் விழும் சத்தம் வெளியே கேட்டது. கடைசிக் கட்டைக்குப் பிறகு கொத்தனார் வரவில்லை. அழைத்தார்கள். அவர் உள்ளே இரண்டு அறைக்கும் மாறி மாறி நடந்துகொண்டிருந்தார். அம்மா நூலையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். முள் அளவுக்குக்கூட இறக்கம் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்தாள். இல்லை.

அவள் அதைக் கொத்தனாரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைத்தாய் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பனந்தும்பும் ஆப்புத் தூளும் கணுக்கால் வரை கிடந்தன. முதலில் வாசல் பக்கத்து அறையைக் கூட்டினார். பிறகு சுவரைச் சுற்றிப் போய் அந்தப் பக்கத்து அறையைக் கூட்டத் தொடங்கினார்.